சனிக்கிழமைப் பாடம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லி, கேட்கிறவர்கள் கடைசியில் என்னையே குற்றம் சொல்லும்படி ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அப்படித்தான் ஆனது. கம்பெனியில் சொன்னபோதும் அப்படித்தான். நீங்கள் முன்பின் தெரியாதவர்கள். திருப்பூர் போய்ச் சேர்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், அப்புறம் உங்கள் வழி உங்களுக்கு. அதனால் உங்களிடம் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளட்டுமா? காற்றுப் பட்டால் எனக்குக் காது வலிக்கும்.

நான் காலேஜ் ஸ்டாப்பில் ஏறியதைப் பார்த்து, அங்கே என்ன வேலை என்று கேட்டீர்கள். மகள் விஷயமாகத்தான் போனேன். போன காரியம் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் துளசிமணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் சென்னியப்பன் டெம்போ ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண், கனிஷ்கா. இப்போது பிளஸ் டூ. போன வருஷம், அவள் பிளஸ் ஒன்னில் இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். பக்கத்துக் காலேஜ் ஒன்றில் புதிதாக ஒரு ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே சனிக்கிழமைதோறும் காலேஜுக்குப் போய் அங்கே ஒரு பாடம் படிக்கலாம். பாஸானால் அது பள்ளிக்கூடத்திலும் கணக்கில் ஏறும், பின்னால் காலேஜ் சேர்ந்தாலும் ஏறும். கிரெடிட் என்று சொல்கிறார்கள். ஒரே படிப்புக்கு ரெண்டு இடத்தில் மரியாதை. பிளஸ் டூ முடிவதற்குள் பாஸ் பண்ணிவிட்டால் அதே காலேஜில் அதே படிப்புக்கு இடம் உறுதி. எல்லாப் பிள்ளைகளையும் எடுக்கவில்லை. பொறுக்கி எடுத்ததில் எங்கள் பிள்ளை ஒருத்தி, அவள் சிநேகிதி நஸ்ரின் ஒருத்தி.

புள்ளியியல் பாடம். "அப்படின்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"நீ ஒரு நாளைக்கு எத்தன பீஸ் பாக்கற, அதுல எத்தன பழுது வருது, அத வெச்சு நாளைக்கு எத்தன வரும்னு முன்னாடியே சொல்றதும்மா."

"அதுக்கு எதுக்குக் காலேஜு? எந்த டெய்லர் லீவுன்னு தெரிஞ்சா நானே சொல்லிருவனே."

அவள் சிரித்தாள். அவங்கப்பாவும் சிரித்தார். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது.

ஆசையாகத்தான் போனாள். முதல் சனிக்கிழமை வந்து, அந்தக் காலேஜில் கிளாஸ் படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கிறது, சினிமாக் கொட்டகை மாதிரி, பின்னால் உட்கார்ந்தாலும் தெரிகிறது என்றாள். அதே காலேஜில்தான் சேருவேன் என்றாள். எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு ஆசைப்படுகிறாளே, கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று.

நான் விட்டுவிடவில்லை. கூடவே இருந்தேன். அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் திருப்புகிறாளா, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று கவனிப்பேன். "புரியுதா கண்ணு?" என்று கேட்பேன். "நீ கேக்காம இருந்தாப் புரியும்மா" என்பாள். கிளாஸுக்குப் போயிருக்கும்போது போன் பண்ணுவேன். எடுக்கவில்லை என்றால் எடுக்கிறவரை பண்ணுவேன். இல்லாவிட்டால் எனக்கு இங்கே கை ஓடாது. ஒரு நாள் கிளாஸில் போன் அடித்துக்கொண்டே இருந்தது என்று அவளை எழுப்பி வெளியே நிற்க வைத்துவிட்டார்களாம். பெற்றவள் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்கக் கூடாதா? பெரிய காலேஜ். அதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

நடுவில் ஒரு பரீட்சை வைத்தார்கள். மார்க் குறைந்துவிட்டது. அவள் வெளியே நின்ற அன்றைக்கு நடத்திய பாடத்தில்தான் கேள்வி நிறைய வந்ததாம். அது அவள் நேரம், வேறென்ன சொல்ல.

இங்கே எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். தைத்து வருகிற பனியனை நாங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம். கழுத்து, தோள், பக்கத்துத் தையல், கீழ் மடிப்பு. எங்கேயாவது ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்டது இருந்தால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைத்துவிடுவோம். அது ஆல்டருக்குப் போகும். டெய்லர் சரிபண்ணிக் கொடுத்தால் மறுபடி நல்ல பீஸோடு சேர்ந்துவிடும். முன்னால் அதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பழுதைப் பார்க்காமல் விட்டு அது பேக்கிங் போய், வெளிநாட்டுக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தான் என்றால் மொத்த லாட்டும் திரும்பிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் எடுத்து வைத்துவிட வேண்டும். யோசிக்கவே கூடாது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்து விட்ட பீஸ் ஒன்று திரும்பி வந்ததில்லை. கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கடைசிப் பரீட்சை நெருங்கும்போது ஒரு சாயங்காலம் கனிஷ்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதாள். "முடியாது போல இருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போய்விட்டேன். அங்கே இந்தக் கிளாஸுக்குப் பொறுப்பு பெனிட்டா மேடம். நல்ல மாதிரிதான், ஆனால் வேகமாகப் பேசுவார்கள். பிள்ளையை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். விலகுவதற்கான தேதி தாண்டிவிட்டது, இப்போது விலகினால் ஃபெயிலானதற்குச் சமம், மறுபடி சேரத் தகுதி போய்விடும், எழுதட்டுமே, ஃபெயிலானாலும் இதே நிலைமைதானே என்று சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பரீட்சைக்கு முன்னால் எடுத்துவிட்டால் ஆல்டரில் வைத்த மாதிரி, அடுத்த தடவை சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். நான் மட்டுமில்லை, செக்கிங்கில் இருக்கிற யாரைக் கூட்டிப்போனாலும் அப்படித்தான் நினைப்பாள். கனிஷ்கா பக்கத்தில் நின்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டுப் பெயரை எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, இதே மாதிரி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் சொன்னாள். "நான் சும்மாதாம்மா அழுதேன். அழுதுட்டுப் படிச்சிருப்பேன்."

"அத அங்கயே சொல்றதுக்கென்ன?"

"நீ என் கையப் புடிச்சிருந்த புடி அப்படி" என்றாள்.

வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்துதான் சொன்னார். "ஏம்புள்ள, புள்ள அழுதா கண்ணத் தொடச்சுவிடுவாங்க. நீ பேரையே தொடச்சுட்டு வந்துட்ட."

அவர் என்ன வேண்டுமானாலும் சொல்வார். ஃபெயில் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவர் பள்ளிக்கூடத்தைத் தானாக விட்டவர். நான் அப்படியில்லை. நான் ஏழாவதில் ஃபெயிலானவள். அப்போதெல்லாம் எல்லோரையும் மரத்தடியில் நிற்க வைத்துப் பாஸானவர்கள் பெயரை வாசிப்பார்கள். பெயர் கூப்பிட்டவர்கள் எட்டாவது வகுப்புக்குள் போய் உட்கார வேண்டும். ஒவ்வொருத்தராகப் போனார்கள். நான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்றவளும் போனாள். வாசித்து முடித்து டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள், அது இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. எங்கப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் தூக்குப்போசியில் சோறு போட்டுக் கொடுத்து பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. என்னோடு ஃபெயிலான தங்காயி அதே ஏழாவதில் மறுபடி உட்கார்ந்தாள், இன்றைக்கு அவள் நர்ஸ். அப்படி மறுபடி உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கப்பாவும் என் நல்லதுக்குத்தான் செய்தார். இன்னொரு தடவை அந்த மரத்தடியில் நான் நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

சரி, அதை விடுங்கள். கதை எங்கேயோ போகிறது பாருங்கள், இதுக்குத்தான் பயந்தேன்.

தகுதி போனது போனதுதான். நஸ்ரின் பாஸாகி அடுத்த பாடத்தில் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை வந்தால் பையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஸ்டாப்புக்குப் போவாள். முதலில் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போக ஆரம்பித்தாள். கனிஷ்கா அந்த நேரத்துக்குச் சரியாகத் துணி துவைக்கப் பின்பக்கம் போய்விடுவாள். எனக்கு ஒருபக்கம் நிம்மதி. சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. பிள்ளை வீட்டில் கண்ணெதிரே இருக்கிறாள் அல்லவா.

ஆனால் அவள் உள்ளுக்குள் விடவில்லை. தானாகவே காலேஜுக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பிடித்து, மறுபடி சேர வழி இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாள். இருந்தது. ஒரு பருவம் சும்மா இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் அவர்கள் சொல்கிற மார்க் எடுக்க வேண்டும். கோடை லீவில் காலேஜில் ஒரு பரீட்சை வைப்பார்கள், அதில் தேற வேண்டும். கடைசியாகப் பெற்றோரோடு வந்து மேடத்திடம் பேச வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என்னிடம் சொல்லாமலே ஒவ்வொன்றாக முடித்திருக்கிறாள். வீட்டுக்குள் படிப்பதை விட்டுவிட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்து படிப்பாள். காற்று வேண்டும் என்று போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கோடையில் மாடியில் ஏது காற்று, ஆனால் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பழக்கம். ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் நன்றாகத் தேறிவிட்டாள்.

பரீட்சையில் தேறி, மேடத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்ற அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். அவங்கப்பா கண் கலங்கிவிட்டார். "என்ற அம்மிணி ஒத்தையா நின்னு செயிச்சிருச்சு" என்று டெம்போவைக் கழுவிப் பூவெல்லாம் போட்டு, மூன்று பேரும் அதில்தான் போனோம்.

பெனிட்டா மேடம் அவளைக் கேட்டார்கள், "முதல் தடவை ஏன்ம்மா நிறுத்தின?" என்று.

கனிஷ்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குப் பயம் வந்துருச்சுங்க மேடம்" என்றாள்.

பார்த்தீர்களா, அவளே ஒத்துக்கொண்டாள். பயம் அவளுக்குத்தான். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் வீட்டுக்காரர் மட்டும் காதில் வாங்க மாட்டேன் என்கிறார்.

மேடம் சேர்த்துக்கொண்டார்கள். தகுதி திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் இதுதான் கடைசி என்றார்கள். இந்த முறை ஃபெயிலானால் அது மார்க்குப் பட்டியலில் அப்படியே நிற்கும், எந்தக் காலேஜுக்குப் போனாலும் தெரியும். இன்ன தேதிக்குள் விலகினால் சேர்ந்த அடையாளமே இருக்காது. ஆனால் பிளஸ் டூ முடிந்துவிடுவதால் இன்னொரு தடவை சேர முடியாது. இதை மேடம் இரண்டு தடவை சொன்னார்கள். இந்த முறை நான் ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கனிஷ்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ம்மா, இந்தத் தடவ கிளாஸ் நேரத்துல போன் பண்ணாத." சரி என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒரு தடவைகூடப் பண்ணவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன் பண்ணாவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அதனால் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் காலேஜுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். கிளாஸ் விட்டு வெளியே வந்தாள். நஸ்ரினும் அவளும் கையைக் கோத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவு சிரிப்பை நான் வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. பாடம் மண்டையில் ஏறுகிற பிள்ளை அப்படிச் சிரிக்குமா, நீங்களே சொல்லுங்கள். அவள் கண்ணில் படாமல் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி, "கிளாஸ் எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கும்மா."

அடுத்த வாரமும் "நல்லாருக்கும்மா." அதற்கடுத்த வாரமும் அதேதான். ஒரு குறை சொல்ல மாட்டேன் என்கிறாள். கஷ்டம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். எங்கள் வேலையில் முன்பக்கம் ஒரு குறையும் தெரியாத பீஸைத்தான் உள்பக்கம் திருப்பிப் பார்ப்போம். நான் மேடத்துக்கே போன் பண்ணினேன். அது கிளாஸ் நேரமில்லை, அதனால் கொடுத்த வாக்குக்குக் குறைவில்லை.

மேடம் சொன்னார்கள், "நல்லாப் பண்றாம்மா. இப்போதைக்கு ஆவரேஜ். ஒரு பாடத்துல கொஞ்சம் உழைக்கணும், உழைச்சிருவா. பயப்படாதீங்க."

ஆவரேஜ். வீட்டுக்காரரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "நடுவாந்தரம். என்னையும் உன்னையும் மாதிரி" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. நடுவாந்தரம் என்றால் பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவில் என்றுதானே அர்த்தம்? எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம் அல்லவா? அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் ஒரு மரத்தடி. எல்லோரும் உள்ளே போகிறார்கள். நிற்கிறது நானில்லை, கனிஷ்கா.

அவளிடம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு தடவை வாயெடுத்தேன். "கண்ணு, ஒருவேளை பாஸ் வரலைன்னா…" என்றேன்.

"வரும்மா" என்றாள். "வரலைன்னாலும் பரவால்ல, நான் எழுதிட்டு வராமப் போகட்டும்." அப்புறம் என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பேச்சைக் கேட்டீர்களா? வராமல் போகட்டுமாம். வராமல் போனால் எப்படி இருக்கும் என்று பதினாறு வயசுக்கு என்ன தெரியும்?

மேடம் சொன்ன தேதி இன்றைக்குத்தான். காலையில் கம்பெனியில் கோயிலுக்கு என்று சொல்லி லீவு போட்டேன். கனிஷ்காவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அவளுக்குப் பிடிக்கும் என்று அரிசிம்பருப்புச் சாதம் செய்து கொடுத்தேன். அவர் டெம்போவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் நான் பஸ் ஏறிவிட்டேன்.

மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். "கனிஷ்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

"நல்லாருக்காங்க மேடம். பேரை எடுத்துருங்க."

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றார்கள்.

"கேட்டுட்டேனுங்க. வேண்டாம்னுட்டா."

"அவளே வந்து சொல்லட்டுமே."

"அவளுக்கு இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சைங்க. சொல்றதுக்குச் சங்கடப்படறா மேடம், போன தடவ மாதிரியே பயந்துட்டா. அவளே உங்ககிட்டச் சொன்னாளே, பயம்னு."

அதைச் சொன்னதும் மேடம் விலகல் ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நல்லா வந்திருப்பாம்மா என்று மெதுவாகச் சொன்னார்கள். எனக்குச் சொன்னார்களா, அவர்களுக்கே சொல்லிக்கொண்டார்களா, தெரியவில்லை. பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு அம்மா கையெழுத்துப் போதும். போட்டேன். எனக்குக் கையெழுத்து அழகாக வரும், ஏழாவது வரை வந்தவள்தானே.

இந்த முறை தேதிக்குள் போய்விட்டேன், அதைக் கவனித்தீர்களா? போன தடவை தெரியாமல் நடந்தது. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி. அவள் பேருக்கு நேரே ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. சேர்ந்த அடையாளமே இல்லை. வேறு ஏதாவது காலேஜில் வேறு ஏதாவது படித்துக்கொள்ளட்டும்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? சொல்லத்தான் போகிறேன். இன்றைக்கு வேண்டாம். சனிக்கிழமை காலையில் குளித்துத் தலை பின்னிக்கொண்டு பையை எடுப்பாள் அல்லவா, அப்போது சொல்லிக்கொள்ளலாம். அதுவரை மாடியில் உட்கார்ந்து படிக்கட்டும், நான் தொந்தரவு பண்ண மாட்டேன். அந்த ஒரு பாடத்தில் கொஞ்சம் உழைக்க வேண்டும் என்று மேடம் சொன்னார்களே, அதைத்தான் இப்போது ராவும் பகலுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? இங்கேயா? இது உங்கள் ஸ்டாப் இல்லையே, திருப்பூர் என்றுதானே சொன்னீர்கள். சரி, பார்த்து இறங்குங்கள். நான் சொன்னது சரியாகத்தானே இருந்தது? ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லையே? இனி அவளை யாராலும் ஃபெயிலாக்க முடியாது.